தலையிடக் கூடாது

பணமும் சட்டமும் – தொடர் 9

2003 நவம்பர் 22, சனிக்கிழமை. வாஷிங்டனில் அதிகாலை மூன்று மணி. நகரம் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா மீது வாக்கெடுப்பு தொடங்கியது. உறுப்பினர்கள் அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்துவதற்கு வழக்கமாகத் தரப்படும் நேரம் 15 நிமிடம். அந்த நேரம் முடிந்தபோது மசோதா தோற்றுக்கொண்டிருப்பதாகச் சுவரில் இருந்த மின்பலகை காட்டியது. ஒரு கட்டத்தில் எதிர்ப்பு 218, ஆதரவு 216. 435 பேர் கொண்ட சபையில் 218 என்றால் பெரும்பான்மை. அந்த நிமிடத்தில் சபாநாயகர் டென்னிஸ் ஹாஸ்டர்ட் வாக்கெடுப்பை முடித்துவைத்திருந்தால் மசோதா அங்கேயே செத்திருக்கும்.

அவர் முடித்துவைக்கவில்லை. நான்கு மணி ஆனது, ஐந்து மணி ஆனது. சுகாதாரத் துறை அமைச்சர் டாமி தாம்சன் சபைக்குள்ளேயே வந்து, எதிர்த்து வாக்களித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். வாக்கெடுப்பு நடக்கும்போது அமைச்சர் ஒருவர் இப்படிச் சபைக்குள் சுற்றி வந்தது அதுவரை யாரும் அதிகம் கண்டிராத காட்சி. அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அந்நேரத்தில் உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்தார். ஆறு மணி ஆவதற்குச் சற்று முன், ஐடஹோவின் புட்ச் ஆட்டரும் அரிசோனாவின் ட்ரென்ட் ஃபிராங்ஸும் தங்கள் வாக்கை மாற்றினார்கள். அவ்வளவுதான், கணக்கு புரண்டது. 220க்கு 215 என மசோதா நிறைவேறியது. 15 நிமிடத்தில் முடிய வேண்டிய வாக்கெடுப்பு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் நடந்திருந்தது.

முதியோருக்கு மருந்துக் காப்பீடு தரும் சட்டம் அது. நல்ல காரியம்தானே, அதற்கு ஏன் இந்த நடுநிசி நாடகம் என்று கேட்கத் தோன்றும். பதில் சட்டத்தின் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் ஒரு சிறிய உட்பிரிவில் இருக்கிறது. அந்த உட்பிரிவு எப்படி வந்தது, யாரால் காக்கப்பட்டது, எத்தனை ஆண்டு நின்றது என்பதுதான் இந்த வாரக் கதை.

மெடிகேர் பிறந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 1965 ஜூலை 30 அன்று, மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம். 65 வயது கடந்தவர்களின் ஆஸ்பத்திரிச் செலவையும் டாக்டர் கட்டணத்தையும் அது ஏற்றுக்கொண்டது. மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் வைத்துச் சாப்பிடும் மாத்திரைக்கு அது பணம் தரவில்லை. 1965இல் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை என்ற காலம் பிறகுதான் வந்தது. 1988இல் ஒரு முறை இந்தக் குறையைத் தீர்க்கச் சட்டம் போட்டார்கள். அதற்கான செலவை முதியவர்கள் தலையிலேயே கட்டியதால் அவர்கள் கொதித்தெழ, மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

1990களின் முடிவில் நிலைமை கைமீறிப் போனது. எல்லையோர மாநிலங்களின் முதியவர்கள் பஸ் பிடித்துக் கனடாவுக்குப் போய் மருந்து வாங்கத் தொடங்கினார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் பெர்னி சாண்டர்ஸ் 1999இல் மார்பகப் புற்றுநோய்க்காரப் பெண்களை மான்ட்ரியலுக்கு அழைத்துப் போனார். டமாக்சிஃபன் என்ற மாத்திரை அங்கே அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. மருந்து அதேதான். கனடாவில் விலைக்கு அரசின் கட்டுப்பாடு இருந்தது, அமெரிக்காவில் இல்லை. அந்தப் பயணங்கள் தொலைக்காட்சியில் வந்தபோது எந்தக் கட்சியாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. 2000 தேர்தலில் புஷ், அல் கோர் இருவருமே முதியோருக்கு மருந்துக் காப்பீடு என்று வாக்குறுதி கொடுத்தார்கள்.

காப்பீடு வரப்போவது உறுதியானதும் மருந்து நிறுவனங்களின் கவலை வேறு இடத்துக்கு நகர்ந்தது. நான்கு கோடி முதியவர்களுக்கு அரசு மருந்து வாங்கித் தருவது அவர்களுக்கு நஷ்டமல்ல. வாங்க முடியாமல் இருந்தவர்கள் எல்லாம் வாடிக்கையாளர் ஆவார்கள். பயம் ஒன்றே ஒன்றுதான்: பணம் கொடுக்கும் அரசு விலையையும் பேச ஆரம்பித்துவிட்டால்? கோயம்பேட்டில் லாரிக் கணக்கில் வாங்குகிறவர் சொல்லும் விலைக்கும் கால் கிலோ வாங்குகிறவர் கொடுக்கும் விலைக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். உலகத்திலேயே பெரிய மருந்துக் கொள்முதல்காரராக மெடிகேர் ஆகிவிட்டால் அதன் பேரத்தை எந்தக் கம்பெனியாலும் எளிதில் தட்ட முடியாது.

இது வெறும் ஊகமான பயம் அல்ல. அமெரிக்க அரசின் இன்னொரு கை அப்போதே பேரம் பேசிக்கொண்டிருந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான சுகாதாரத் துறைக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத் தள்ளுபடியை வாங்கித் தந்தது. அதற்கு மேலும் பேசிக் குறைக்க அந்தத் துறையால் முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் பிற்பாடு 2017ஆம் ஆண்டு விலைகளை எடுத்து 399 மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தது. தள்ளுபடி எல்லாம் கழித்த பிறகும், மெடிகேர் கொடுத்ததைவிடச் சராசரியாக 54 சதவீதம் குறைவாகவே ராணுவத்தினர் துறை கொடுத்திருந்தது. ஒரே கருவூலம், ஒரே மாத்திரை, பாதி விலை.

2003 சட்டம் இந்த வழியை அடைத்தது. மருந்துக் காப்பீட்டை மெடிகேர் நேரடியாக நடத்தாது, தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும், பிரீமியத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை அரசு மானியமாகத் தரும் என்று திட்டம் வகுத்தார்கள். பிறகு வந்தது அந்த உட்பிரிவு. மருந்து உற்பத்தியாளர்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையே நடக்கும் பேச்சில் சுகாதாரத் துறை அமைச்சர் தலையிடக் கூடாது, விலை முறை எதையும் விதிக்கக் கூடாது. மானியம் மக்கள் பணம். அந்தப் பணத்தால் வாங்கும் பொருளின் விலையைக் கேட்கும் உரிமை மக்களின் அரசுக்கு இல்லை என்று மக்களின் சபையே எழுதி வைத்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே சாயல் கொண்ட வரி சில ஆண்டுகளுக்கு முன் ஜனநாயகக் கட்சியினரின் வரைவிலும் இருந்தது. தனியார் நிறுவனங்களே நன்றாகப் பேரம் பேசும், அரசு உள்ளே வந்தால் புதிய மருந்து கண்டுபிடிக்கும் ஊக்கம் போய்விடும் என்று உண்மையாகவே நம்பியவர்கள் இரு கட்சியிலும் இருந்தார்கள். பார்ட் டி என்று பெயர் பெற்ற இந்தத் திட்டத்தின் செலவும் முதலில் பயந்த அளவுக்குப் போகவில்லை. பல பெரிய மருந்துகளின் காப்புரிமை காலாவதியாகி மலிவான ஜெனரிக் வந்தது அதற்கு முக்கியக் காரணம். ஆக, இது விலைக்கு வாங்கப்பட்ட சட்டம் என்று ஒற்றை வரியில் முடிப்பது எளிது, ஆனால் சரியல்ல. பணம் எந்த இடத்தில் வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கம்பெனி ஒன்று தன் கணக்கிலிருந்து எம்.பி. வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க 1907ஆம் ஆண்டிலிருந்தே தடை. ஊழியர்களும் நிர்வாகிகளும் சேர்ந்து அமைக்கும் நிதிக்குழு ஒன்றின் வழியாகத் தேர்தலுக்கு 5,000 டாலர் கொடுக்கலாம். தனிநபர் நன்கொடைக்கும் உச்சவரம்பு உண்டு. 5,000 டாலருக்கு யாரும் வாக்கை விற்பதில்லை. ஆனால் ஒரு துறையின் நூறு நிர்வாகிகளும் முப்பது நிதிக்குழுக்களும் ஒரே காலை விருந்தில் கூடினால் தொகை வேறு. தனி உறுப்பினரைத் தாண்டிக் கட்சிக்குப் போகும் பணம் இன்னும் பெரிது. 2002 ஜூனில் வாஷிங்டனில் குடியரசுக் கட்சி நடத்திய நிதி திரட்டும் விருந்தில் ஏறத்தாழ மூன்று கோடி டாலர் சேர்ந்தது. அந்த விருந்துக்குக் கம்பெனிகளிடமிருந்து பணம் திரட்டும் பொறுப்பை ஏற்றவர் கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனத்தின் உயர் அதிகாரி ராபர்ட் இங்ராம். அந்த நிறுவனமும், 'பார்மா' எனப்படும் மருந்து உற்பத்தியாளர் சங்கமும் தலைக்கு இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தன. மருந்துக் காப்பீட்டு மசோதாவின் முந்தைய வடிவம் அதே மாதத்தில்தான் பிரதிநிதிகள் சபையின் குழுக்களில் விவாதத்தில் இருந்து, மாதக் கடைசியில் சபையில் நிறைவேறியது.

குழு அறைதான் பணம் பேசும் இடம். சட்டத்தின் இறுதி வாக்கெடுப்பைத் தொலைக்காட்சி காட்டும். உட்பிரிவு எழுதப்படும் அறையை யாரும் காட்டுவதில்லை. 2003 மசோதாவைப் பொறுத்தவரை இரு அவைகளின் வடிவங்களையும் ஒன்றாக்கிய கூட்டுக்குழுவின் உண்மையான பேச்சில், ஜனநாயகக் கட்சியிலிருந்து மான்டானாவின் மேக்ஸ் பாக்கஸும் லூயிசியானாவின் ஜான் பிரோவும் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். குழுவுக்கு முறைப்படி நியமிக்கப்பட்ட மற்ற ஜனநாயகக் கட்சியினருக்குக் கதவு திறக்கவில்லை. பாக்கஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

அந்த நீண்ட இரவில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மிச்சிகனின் நிக் ஸ்மித், குடியரசுக் கட்சிக்காரர், பால்பண்ணை விவசாயி. அந்தப் பதவிக்காலத்தோடு ஓய்வு பெறப்போகிறவர். அவர் தொகுதியில் அடுத்த வேட்பாளராக நிற்க மகன் முயன்றுகொண்டிருந்தார். நாட்டால் தாங்க முடியாத செலவு என்று கருதி ஸ்மித் மசோதாவை எதிர்த்தார். வாக்கை மாற்றினால் மகனின் தேர்தலுக்குப் பெரிய அளவில் ஆதரவு கிடைக்கும், மாற்றாவிட்டால் மகனுக்கு எதிராக வேலை நடக்கும் என்று தம்மிடம் சொல்லப்பட்டதாக அவரே சில நாட்களில் எழுதினார். பிறகு ஒரு லட்சம் டாலர் என்ற தொகையும் பத்திரிகைகளில் அடிபட்டது. சபையின் நன்னடத்தைக் குழு பல மாதம் விசாரித்தது. அந்தத் தொகைக்குக் குழு ஆதாரம் காணவில்லை. ஆனால் அவை முன்னவர் டாம் டிலே, வாக்குக்கு ஈடாக மகனை ஆதரிப்பதாகச் சொன்னது உண்மை என்று முடிவு செய்து 2004இல் அவரைக் கண்டித்தது. நடந்ததை மிகைப்படுத்திப் பேசியதற்காக ஸ்மித்தையும் கண்டித்தது. ஸ்மித் கடைசிவரை வாக்கை மாற்றவில்லை. 2004 ஆகஸ்டில் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் மகன் தோற்றார்.

பெரிய தொகை பெட்டியில் கைமாறியதா என்பதையே நாம் தேடுகிறோம். ஸ்மித் விவகாரத்தில் நிரூபிக்கப்பட்டது அதைவிடச் சாதாரணமானது. தேர்தலில் நிற்க ஆதரவும் பணமும் வேண்டும், அவற்றைத் தருவதும் தடுப்பதும் கட்சித் தலைமையின் கையில் இருக்கிறது, தலைமை எந்த மசோதாவில் உறுதியாக நிற்கும் என்பதைக் கட்சிக்கு நிதி தருகிறவர்கள் அறிவார்கள். ஓர் உறுப்பினரின் வாக்கை வளைக்க இந்தச் சங்கிலியே போதுமானது.

வாக்களித்தவர்களிடம் இன்னொரு உண்மையும் மறைக்கப்பட்டது. சட்டத்தின் செலவு பத்தாண்டுக்கு 40,000 கோடி டாலர் என்று அரசு சொன்னது. அதைத் தாண்டினால் ஆதரிக்க மாட்டோம் என்று குடியரசுக் கட்சியிலேயே சிலர் சொல்லியிருந்தார்கள். மெடிகேரின் தலைமைக் கணக்கீட்டாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் போட்ட கணக்கு 50,000 கோடியைத் தாண்டியது. அதைக் காங்கிரஸிடம் கொடுத்தால் வேலை போய்விடும் என்று அவரை எச்சரித்தவர் மெடிகேர் நிர்வாகி டாம் ஸ்கல்லி. சட்டம் நிறைவேறி, புஷ் டிசம்பர் 8 அன்று கையெழுத்தும் போட்ட பிறகு, ஜனவரியில்தான் 53,400 கோடி என்ற எண் வெளியே வந்தது. அதற்குள் ஸ்கல்லி அரசு வேலையை விட்டு, சுகாதாரத் துறை வாடிக்கையாளர்களைக் கொண்ட ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். மசோதா பேச்சு நடந்த காலத்திலேயே புதிய வேலை தேட அவருக்குச் சிறப்பு அனுமதி தரப்பட்டிருந்தது.

எல்லோரையும்விட அதிகம் பேசப்பட்டவர் பில்லி டௌசின். லூயிசியானாக்காரர், ஜனநாயகக் கட்சியில் தொடங்கி 1995இல் குடியரசுக் கட்சிக்கு மாறியவர். மசோதாவைக் கொண்டுவந்த எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவர். சட்டம் நிறைவேறிய சில வாரங்களிலேயே மருந்து உற்பத்தியாளர் சங்கம் அவரைத் தலைவராக்கப் பேசுகிறது என்ற செய்தி வந்தது. 2004 பிப்ரவரியில் குழுத் தலைவர் பதவியை விட்டார். அந்த ஆண்டு அவருக்குப் புற்றுநோய் கண்டது. சிகிச்சையில் பிழைத்தார். மருந்துதான் என் உயிரைக் காப்பாற்றியது, அதனால்தான் இந்த வேலையை ஏற்றேன் என்று பிற்பாடு சொன்னார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. 2005 ஜனவரியில் பார்மாவின் தலைவரானார். ஆண்டுச் சம்பளம் 20 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. எம்.பி. சம்பளத்தைப் போல இது பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

நன்கொடையைவிட, பதவியிலிருந்து துறையின் வேலைக்குத் திறக்கும் இந்தக் கதவுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நன்கொடையைக் கணக்கில் காட்ட வேண்டும், யாரும் படிக்கலாம். நாளைக்குக் கிடைக்கப்போகிற வேலை எந்தக் கணக்கிலும் வராது. குழு அறையில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரும், அவருக்கு உட்பிரிவு எழுதித் தரும் முப்பது வயது உதவியாளரும், மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்களை எதிர்கால முதலாளிகளாகப் பார்க்க நேர்கிறது. யாரும் யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

2008இல் பராக் ஒபாமா வேட்பாளராக நின்றபோது, தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று முழுவதையும் டௌசின் கதைக்கே ஒதுக்கினார். விளம்பரத்தின் பெயரே 'பில்லி'. பேரம் பேசக் கூடாது என்று சட்டத்தில் எழுதவைத்துவிட்டு, அதைத் தள்ளி நிறைவேற்றியவர் மருந்துக் கம்பெனிகளிடமே வேலைக்குப் போனார், இந்த ஆட்டத்தை முடித்துவைப்பேன் என்பது அதன் சாரம்.

வென்றார். 2009இல் காப்பீடு இல்லாதவர்களுக்கு மானியம் தரும் பெரிய சட்டத்தைக் கையில் எடுத்தார். 1993–94இல் கிளின்டன் கொண்டுவந்த திட்டத்தைக் காப்பீட்டுத் துறையின் விளம்பரங்கள் எப்படிச் சாய்த்தன என்பது அவரோடு இருந்தவர்களுக்கு மறக்கவில்லை. எதிரிகளை முதலிலேயே பேசி அடக்குவது என்று முடிவு செய்தார்கள். பேச்சு நடந்த இடங்கள் இரண்டு: வெள்ளை மாளிகையும் செனட் நிதிக் குழுவும். அந்தக் குழுவின் தலைவர் அதே மேக்ஸ் பாக்கஸ். பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட மாநிலத்தின் செனட்டர், 2003 முதல் 2008 வரை சுகாதார, காப்பீட்டுத் துறைகளிலிருந்து சுமார் 30 லட்சம் டாலர் தேர்தல் நிதி பெற்றிருந்ததாக வாஷிங்டன் போஸ்ட் கணக்கிட்டது. அவருடைய முன்னாள் உதவியாளர்கள் பலர் அந்தத் துறைகளின் லாபிக்காரர்களாக இருந்தார்கள்.

2009 ஜூனில் பார்மாவோடு உடன்பாடு வந்தது. மருந்து நிறுவனங்கள் பத்தாண்டில் 8,000 கோடி டாலர் அளவுக்குச் செலவை ஏற்கும். மசோதாவுக்கு ஆதரவாகத் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கும் பணம் தரும். 15 கோடி டாலர் வரை என்று பேச்சு. பதிலுக்கு, மெடிகேர் பேரம் பேசும் யோசனையும் கனடாவிலிருந்து மருந்து இறக்குமதி செய்யும் யோசனையும் கிடப்பில் போடப்படும். இந்த உடன்பாட்டை ஆகஸ்டில் பத்திரிகையாளர்களிடம் உறுதிப்படுத்தியவர் டௌசின்தான். வெள்ளை மாளிகையும் மறுக்கவில்லை. டிசம்பரில் செனட்டர் பைரன் டார்கன் மருந்து இறக்குமதிக்கு வழிவிடும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஒபாமா செனட்டராக இருந்தபோது ஆதரித்த யோசனை அது. 51க்கு 48 வாக்குகள். வெறும் பெரும்பான்மை போதாது, தேவைப்பட்டது 60. திருத்தம் விழுந்தது.

2010இல் நிறைவேறிய ஒபாமாவின் சட்டம் உயிர்களைக் காத்தது, சந்தேகமில்லை. கோடிக்கணக்கானவர்களுக்குக் காப்பீடு கிடைத்தது. முதியோர் மருந்துக் காப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் சில ஆயிரம் டாலர் வரை முழுச் செலவையும் நோயாளியே கட்ட வேண்டும். அதையும் இந்தச் சட்டம் படிப்படியாக அடைத்தது. அந்த உடன்பாடு இல்லாவிட்டால் சட்டமே வந்திருக்காது என்று ஒபாமா தரப்பு சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தச் சமாதானத்தின் விலையை யார் கட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2010க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் மெடிகேர் பேரம் பேசவில்லை. அந்த ஆண்டுகளில் பிரீமியமாகவும் வரியாகவும் மருந்துக்கடைக் கல்லாவிலும் மக்களிடமிருந்து போன பணம் அது. அந்த அறையில் அவர்கள் சார்பில் விலை கேட்க யாரும் இல்லை. டௌசின் 2010இல் பதவி விலகினார். அந்த ஆண்டு பார்மா அவருக்குக் கொடுத்தது 1 கோடியே 16 லட்சம் டாலர்.

ஒபாமா மசோதாவின் காலத்தில், உறுப்பினர்களின் வாயில் துறையின் வாசகம் ஏறியதைக் காட்டிய இன்னொரு சம்பவம். ஜெனன்டெக் என்ற உயிரிமருந்து நிறுவனத்தின் லாபிக்காரர்கள் எழுதிக் கொடுத்த வாசகங்களைச் சபைக் குறிப்பில் தங்கள் சொந்தக் கருத்தாகப் பதிவுசெய்த உறுப்பினர்கள் 42 பேர் என்று நியூயார்க் டைம்ஸ் 2009 நவம்பரில் எழுதியது. 22 பேர் குடியரசுக் கட்சி, 20 பேர் ஜனநாயகக் கட்சி.

2021இல் காற்று மாறியது. பேரம் பேசும் அதிகாரத்தை மெடிகேருக்குத் தருவதாகத் தேர்தலில் சொல்லி ஜனநாயகக் கட்சி இரு அவைகளிலும் மயிரிழையில் பெரும்பான்மை பெற்றிருந்தது. செப்டம்பரில், டௌசின் ஒரு காலத்தில் தலைமை வகித்த அதே எரிசக்தி, வணிகக் குழுவில் வாக்கெடுப்பு. 29க்கு 29. சமநிலை, எனவே தோல்வி. ஜனநாயகக் கட்சியிலேயே மூன்று பேர் எதிர்த்தார்கள். அவர்களில் ஸ்காட் பீட்டர்ஸ் சான் டியேகோவின் உறுப்பினர், மருந்துத் துறையிடமிருந்து அதிக நிதி பெற்றவர்களில் ஒருவர். தம் தொகுதியின் ஆராய்ச்சி நிறுவனங்களையும் வேலைகளையும் காக்கவே எதிர்ப்பதாக அவர் சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கலாம். நன்கொடை தருகிறவர்களும் தங்களோடு ஏற்கெனவே ஒத்துப்போகிறவரைத் தேடித்தான் தருகிறார்கள். இந்தக் குறுக்கீட்டுக்குப் பிறகு அதிகாரம் சுருக்கப்பட்டது. எல்லா மருந்துக்கும் அல்ல, சிலவற்றுக்கு மட்டும். அதுவும் அனுமதி பெற்று ஆண்டுகள் கழிந்த பிறகு: மாத்திரை வகை மருந்தானால் அரசு நிர்ணயித்த விலை ஒன்பதாம் ஆண்டுக்கு முன் அமலாகாது, உயிரிமருந்தானால் பதின்மூன்றாம் ஆண்டுக்கு முன் அமலாகாது.

அந்த வடிவத்தில், 60 வாக்கு தேவைப்படாத பட்ஜெட் நடைமுறையில், 2022 ஆகஸ்ட் 7 அன்று செனட்டில் 50க்கு 50 என நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் மசோதா கரையேறியது. ஆகஸ்ட் 16இல் ஜோ பைடன் கையெழுத்திட்டார். 2003இன் உட்பிரிவில் முதல் விரிசல் விழ ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயின. அதே நாள் செனட்டில், தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற ஏற்பாட்டைத் தக்கவைக்க 57 பேர் வாக்களித்தார்கள். தேவை 60. நீக்கப்பட்டது. மெடிகேர் முதியவர்களுக்கு மட்டும் அந்த வரம்பு கிடைத்தது.

பேரத்துக்கு முதலில் பத்து மருந்துகள் எடுக்கப்பட்டன. சர்க்கரை நோய்க்கான ஜானுவியாவுக்கு முப்பது நாள் பட்டியல் விலை 527 டாலராக இருந்தது. பேசி முடித்த விலை 113. ரத்தம் உறையாமல் தடுக்கும் எலிக்விஸ் 521இலிருந்து 231. இதய நோய்க்கான என்ட்ரெஸ்டோ 628இலிருந்து 295. பட்டியல் விலையிலிருந்து காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே தள்ளுபடி பெற்றுவந்தன என்பதால் முழு வித்தியாசமும் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் 2023இலேயே இந்த விலைகள் இருந்திருந்தால் ஒரே ஆண்டில் 600 கோடி டாலர் மிஞ்சியிருக்கும் என்று அரசு கணக்கிட்டது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த மருந்துப் பெயர்கள் புதிதல்ல; பிள்ளைகளோடு போய்க் குடியேறி மெடிகேருக்கு வந்துவிட்ட பெற்றோரின் மாத்திரைப் பெட்டிகளிலும் இவை இருக்கும்.

2022 சட்டத்துக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. 65 வயதுக்குக் கீழே, தாமாகக் காப்பீடு வாங்குகிறவர்களுக்கான மானியம். ஒபாமா சட்டம் தந்த மானியம் ஒரு வருமான எல்லைக்கு மேல் சட்டென்று நின்றுவிடும். 2021இல் கொரோனா நிவாரணச் சட்டம் அந்த எல்லையை நீக்கி, வருமானத்தில் எட்டரை சதவீதத்துக்கு மேல் யாரும் பிரீமியம் கட்ட வேண்டாம் என்றது. 2022 சட்டம் அதை 2025 முடிய நீட்டியது. அதாவது, கூடுதல் மானியத்துக்குச் சட்டத்திலேயே கெடு தேதி இருந்தது.

இங்கேதான் பணம் பற்றிய எளிய விளக்கங்கள் தடுமாறுகின்றன. இந்த மானியம் மக்களின் பெயரில் வந்தாலும் நேரே காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குக்குத்தான் போகிறது. அது தொடர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களும் ஆஸ்பத்திரிகளும் காங்கிரஸில் கடுமையாக முயன்றன. நன்கொடை, லாபி, விளம்பரம் எதற்கும் அவற்றிடம் குறைவில்லை. ஆனாலும் நடக்கவில்லை. நிரந்தரமாக நீட்டினால் பத்தாண்டில் 35,000 கோடி டாலர் செலவு என்று காங்கிரஸின் நிதி அலுவலகம் சொன்னது. இந்த மானியத்துக்காகவே ஜனநாயகக் கட்சி பிடிவாதம் பிடிக்க, 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. டிசம்பர் 11இல் செனட்டில் மூன்றாண்டு நீட்டிப்புக்கு 51 பேர் ஆதரவு, 48 பேர் எதிர்ப்பு. மறுபடியும் 60 கிடைக்கவில்லை. கட்சிகள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் பகிரங்கமான சண்டையில் துறையின் பணம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

அதே ஆண்டு சத்தமில்லாமல் நடந்த ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட மாபெரும் வரிச் சட்டத்துக்குள், அரிய நோய்களுக்கான மருந்துகளுக்குப் பேரத்திலிருந்து தரும் விலக்கு விரிவாக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் 2022இலிருந்தே கேட்டுவந்த மாற்றம். ஒரே ஓர் அரிய நோய்க்கான மருந்துக்கு மட்டும் இருந்த விலக்கு, பல அரிய நோய்களுக்குப் பயன்படும் மருந்துக்கும் நீண்டது. அத்தகைய மருந்தொன்று பிறகு சாதாரண நோய்க்கும் அனுமதி பெற்றால், காத்திருப்புக் காலம் அன்றிலிருந்துதான் எண்ணப்படும். தொலைக்காட்சி விவாதத்தில் இதைக் கேட்டவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அந்த விலக்குக்குக் கெடு தேதி எதுவும் வைக்கப்படவில்லை.

2026 ஜனவரி 1 அன்று இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. மெடிகேர் பேசிய முதல் பத்து மருந்து விலைகளும் அமலுக்கு வந்தன. கூடுதல் மானியம் முந்தைய நள்ளிரவோடு காலாவதியாகி, பழைய வருமான எல்லை திரும்பியது. இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது 84,600 டாலர். 60 வயதில், ஆண்டுக்கு 85,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். 2025இல் அவர்கள் கட்ட வேண்டிய பிரீமியம் அதிகபட்சம் 7,225 டாலர். எல்லையை 400 டாலர் தாண்டிவிட்டதால், 2026இல் அவர்களுக்கு மானியமே கிடையாது. சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனமான கே.எஃப்.எஃப். போட்ட கணக்கின்படி, அவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 22,000 டாலருக்கு மேல். மெடிகேரில் சேர அவர்களுக்கு இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது.

(தொடரும்)